பிள்ளையின் தூக்கக் கணக்கும் வீட்டு மாத்திரைப் பையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பள்ளி வேன் காலை ஐந்தே முக்காலுக்கே வந்து ஹாரன் அடித்துவிடும். உள்ளே தள்ளியிருக்கும் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, அதற்கும் முன்னால். ஒரே வேன் நான்கைந்து இடங்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவதால், முதலில் ஏறும் பிள்ளை முக்கால் மணி நேரமாவது சுற்றிவிட்டுத்தான் பள்ளி வாசலில் இறங்குகிறது. அப்போதும் வெளிச்சம் சரியாக வந்திருக்காது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அன்றிலிருந்து பேராக் பக்கம் சூரியன் உதிப்பது ஏழு மணியை ஒட்டித்தான். ஐந்தேகாலுக்கு எழுப்பப்படும் பிள்ளையின் உடம்புக்கு அது இன்னும் இரவு.

தோட்டங்களில் பிரஷர் பார்க்கும் மேசை போடுகிற நாங்கள் இந்த வேனில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டிக்கும் அப்பாவுக்கும் துணையாக வரும் படிவம் மூன்று, நான்கு, ஐந்து பிள்ளைகளின் கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தால், சிலருக்குப் பிரஷரின் மேல் எண் 130ஐத் தொட்டு நிற்கிறது. அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே வரிசைதான் வெளியே வருகிறது. இரவு தூக்கம் ஐந்து ஐந்தரை மணி நேரம். காலையில் பசியில்லை, ஒரு காப்பி மட்டும். பத்து மணிக்குத் தலைவலி, தோழியின் பையிலிருந்து பொன்ஸ்டான் என்ற வலி மாத்திரை ஒன்று. மதியம் வயிற்றெரிச்சல், வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஈனோ உப்பு. இரவு டியூஷன் முடிந்து பத்து மணிக்கு ஒரு மெகி மீ (உடனடி நூடுல்ஸ்). பிறகு போன்.

பிரஷருக்கு ஒரு வைத்தியம், வயிற்றுக்கு ஒரு வைத்தியம், தலைவலிக்கு ஒரு வைத்தியம் என்று வீட்டில் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஆனால் இந்த வரிசையில் ஒவ்வொன்றும் அடுத்ததைத் தூண்டிவிடுகிறது. வலி மாத்திரை வயிற்றையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். ஈனோவில் உள்ள சோடியமும் பிரஷருக்கு ஆகாது. ஆகவே எங்கள் மேசையில் இரண்டு விஷயத்தை முதலில் கேட்கிறோம்: எத்தனை மணி நேரம் தூங்கினாய், என்ன மாத்திரை போட்டாய்.

தூக்கம்

13 முதல் 18 வயது வரை இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். "வயசுப் பிள்ளைக்கு என்னங்க அவ்வளவு தூக்கம்" என்று கேட்கும் பெற்றோர் நிறைய. வயது வந்த காலத்தில் மூளையில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பது ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்குக் கண்ணைச் சொருகிய பிள்ளைக்குப் பதினைந்து வயதில் பதினொன்றுக்குத்தான் கண் சுழலும். இது சோம்பேறித்தனமும் இல்லை, அடங்காத்தனமும் இல்லை. பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பிரஷரோடு இதற்கு என்ன தொடர்பு? நல்ல தூக்கத்தில் இரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்கும். இரத்தக் குழாய்களுக்கு அதுதான் ஓய்வு. தூக்கம் குறைந்தாலோ இடையிடையே கலைந்தாலோ இந்த இறக்கம் குறைகிறது. உடம்பை உசுப்பிவிடும் நரம்புகள் பகலிலும் முறுக்கியபடியே இருக்கின்றன. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 13 முதல் 16 வயதுள்ள 238 பிள்ளைகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. படுக்கையில் கிடந்த நேரத்தில் 85 விழுக்காடுகூடத் தூங்காத பிள்ளைகளுக்குப் பிரஷர் வரம்பு மீறும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. படுத்த நேரத்தை அல்ல, தூங்கிய நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். கேட்கும் விதத்திலேயே பதில் மாறும்.

"தம்பி, நேத்து எத்தன மணிக்குப் படுத்தே?"

"பதினொன்னுக்கே படுத்துட்டேண்ணே."

"தூங்குனது?"

"அது... ஒரு மணி இருக்கும்."

ஒரு மணிக்குத் தூங்கி ஐந்தேகாலுக்கு எழுந்தால் நாலேகால் மணி நேரம். அம்மா போட்டு வைத்திருந்த கணக்கு ஆறேகால்.

முதல் வேலை ஒரு வாரத்துக்கு எழுதி வைப்பது. படுத்த நேரம், தூங்கியதாக நினைக்கும் நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், எத்தனை கப் காப்பி தேநீர். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். விடுமுறை நாளில் பள்ளி நாளைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினால், அந்தப் பிள்ளை வாரம் முழுவதும் தூக்கக் கடனில் இருக்கிறது என்று பொருள்.

வேன் நேரத்தை நாம் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது எழுந்ததற்கும் வேன் ஏறுவதற்கும் இடைப்பட்ட நேரத்தை. இரவே குளித்து, சட்டையைத் தேய்த்து மாட்டி, பையை அடுக்கி, காலணியை வாசலில் வைத்துவிட்டால் இருபது இருபத்தைந்து நிமிடம் மிச்சமாகிறது. பசியாறலை டப்பாவில் போட்டுக் கொடுத்தால் வேனிலோ பள்ளியில் இறங்கியதுமோ சாப்பிடலாம். அவித்த முட்டையும் ரொட்டியும், அல்லது இரண்டு இட்லி. ஒவ்வொரு நாளும் அரை மணி நேரத் தூக்கம் என்றால் வாரத்தில் இரண்டரை மணி நேரம்.

இரவுப் பக்கம் சற்றுப் பொறுமை வேண்டும். பன்னிரண்டுக்குத் தூங்கிப் பழகிய பிள்ளையை ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தால் பதினொன்றரை வரை புரண்டுகொண்டு கிடக்கும், மூன்றாம் நாள் கைவிட்டுவிடும். பெரும்பாலான வீடுகளில் தோற்பது இங்கேதான். மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் மட்டும் முன்னே இழுங்கள். பன்னிரண்டிலிருந்து பத்துக்கு வர மூன்றரை வாரம் ஆகும். அந்த நாள்களில் காலை வெளிச்சம் மிகவும் உதவும். பள்ளியில் வெளிச்சம் வந்ததும் பதினைந்து நிமிடம் திறந்த வெளியில் நின்றால் உடம்பின் கடிகாரம் முன்னே நகரும். சனி ஞாயிறில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். மதியம் வரை தூங்கினால் ஞாயிறு இரவு தூக்கம் வராது, திங்கட்கிழமை எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

போனைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் "அலாரத்துக்கு வேணும்மா" என்று சொல்லித்தான் பிள்ளைகள் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறார்கள். பத்துப் பதினைந்து வெள்ளிக்கு ஒரு மேசைக் கடிகாரம் வாங்கி வைத்துவிட்டு, போனைப் பெற்றோர் அறையில் சார்ஜ் போடச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமான ஒன்று, இரண்டு அறை லயத்து வீட்டில் பையன் படுப்பது பெரும்பாலும் ஹாலில். அங்கேதான் டிவி. பெரியவர்கள் பதினொன்று வரை நாடகம் பார்த்துக்கொண்டு, பையனை மட்டும் பத்துக்குத் தூங்கச் சொல்வதில் நியாயமில்லை. அந்த வீட்டில் தூக்க வைத்தியம் என்பது ஒன்பதரைக்கு டிவியை நிறுத்துவதுதான்.

காப்பி, தே தாரேக், சக்தி பானம் எதுவானாலும் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். டியூஷன் உள்ள நாளில் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு அனுப்புங்கள். பத்து மணிக்குப் பசித்தால் ஒரு வாழைப்பழம் போதும். தகரக் கூரை வீடு என்றால் சூடு இறங்கப் பத்து மணி ஆகும். சாயங்காலமே சன்னல்களைத் திறந்து வைத்து, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குளிக்க வைத்து, கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். பகல் தூக்கம் இருபது முப்பது நிமிடம், நாலு மணிக்குள். பள்ளி விட்டு வந்து ஐந்திலிருந்து ஏழு வரை தூங்கும் பிள்ளைக்கு இரவு பன்னிரண்டுக்கு முன் தூக்கம் வரவே வராது.

படிவம் ஒன்று, இரண்டை மாலை நேரப் பள்ளியாக நடத்தும் இடங்களில் இன்னொரு சிக்கல். இரண்டு ஆண்டு எட்டு மணிக்கு எழுந்து பழகிய பிள்ளை, படிவம் மூன்றில் ஒரே நாளில் ஐந்தேகாலுக்கு எழ வேண்டியிருக்கிறது. மாற்றத்துக்கு மூன்று வாரம் முன்பே நேரத்தை இழுக்கத் தொடங்குங்கள்.

குறட்டையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். உடல் பருமனான பிள்ளை வாரத்தில் பல இரவுகள் சத்தமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திடுக்கென்று இழுத்து மூச்சு விட்டால், அது தூக்கத்தில் மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். அந்தப் பிள்ளை பத்து மணி நேரம் படுத்தாலும் களைப்பாகவே எழும், பிரஷரும் ஏறும். அரை நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரஷர் பார்ப்பது

தவறு அதிகம் நடப்பது கையில் சுற்றும் பட்டையில். மெஷினோடு வரும் நடுத்தரப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். 35 சென்டிமீட்டர் கைக்கு அந்தப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். ஒல்லியான பெண் பிள்ளையின் 19 சென்டிமீட்டர் கைக்குச் சுற்றினால் இருப்பதைக் குறைத்துக் காட்டும். பெரிய பட்டையும் சின்னப் பட்டையும் தனியாக விற்கிறார்கள். மேசை போடுகிறவர்களிடம் மூன்று அளவும் இருக்க வேண்டும். மணிக்கட்டு மெஷின் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காப்பியும் விளையாட்டும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நாற்காலியில் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கை மேசைமேல், பட்டை நெஞ்சு உயரத்தில், சட்டைத் துணியின்மேல் அல்லாமல் தோலின்மேல். மெஷின் ஓடும்போது பேச்சு கூடாது. எங்கள் மண்டபங்களில் கட்டுப்படுத்த மிகவும் கடினமானது இந்தப் பேச்சுதான். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை பார்த்து, கடைசி இரண்டின் சராசரியை எழுதுங்கள்.

13 வயதுக்கு மேல் 120/80க்குக் கீழே இருந்தால் சரி. மேல் எண் 120 முதல் 129, கீழ் எண் 80க்குக் கீழே என்றால் ஏறிக்கொண்டிருக்கிறது. தூக்கத்தையும் உப்பையும் சரி செய்து ஆறு மாதத்தில் மறுபடி பாருங்கள். 130/80ஐ எட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி. 140/90ஐ எட்டினால் ஒரு வாரத்துக்குள் கிளினிக்குக்குப் போக வேண்டும். 180/120ஐத் தாண்டினாலோ, பிரஷரோடு கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு இருந்தாலோ அன்றே, அப்போதே மருத்துவமனை. ஒரு நாள் எண்ணை வைத்துப் பிள்ளைக்கு 'பிரஷர் நோயாளி' என்று பெயர் வைக்காதீர்கள். வெவ்வேறு நாள்களில் மூன்று முறை உறுதியாக வேண்டும்.

எங்களுக்கு உள்ள பெரிய கவலை வேறு. "ராத்திரி முழிக்கிறான், அதான் பிரஷர்" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுவது. இளம் வயதில் பிரஷர் ஏறுவதற்குச் சிறுநீரகக் கோளாறு ஒரு முக்கியக் காரணம், இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய் பிறவியிலேயே ஓரிடத்தில் குறுகியிருப்பதும் உண்டு. அதனால்தான் டாக்டர் சிறுநீரும் இரத்தமும் சோதிக்கிறார், காலிலும் பிரஷர் பார்க்கிறார். முகம் வீங்குவது, சிறுநீர் நுரைப்பது, தேநீர் நிறத்தில் போவது இவற்றில் ஏதாவது இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

உப்புக்கு ஒரே கணக்கு: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தட்டிய ஒரு தேக்கரண்டி, 2000 மில்லிகிராம் சோடியம். பெரும்பாலான மெகி மீ பாக்கெட்டுகளில் 1000 மில்லிகிராமைத் தாண்டும். தூளில் பாதியைப் போட்டு, தண்ணீரைக் குடிக்காமல் விட்டாலே கணிசமாகக் குறையும். ஒரு ஈனோ பாக்கெட்டில் சோடியம் 800 மில்லிகிராமுக்கு மேல் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தண்ணீரில் பொங்கிக் கரையும் தலைவலி மாத்திரைகளிலும் சோடியம் அதிகம்.

வயிறு

வயிற்றுப்புண் என்பது இரைப்பையின் உட்சுவரிலோ, அதை அடுத்த சிறுகுடலின் தொடக்கத்திலோ ஏற்படும் ஆழமான புண். காரம் சாப்பிட்டதால், கோபப்பட்டதால், நேரம் தவறிச் சாப்பிட்டதால் வந்தது என்பதே இன்னமும் தோட்டத்தில் பேச்சு. இவை எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குகிறவை பெரும்பாலும் இரண்டு: ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி, வலி மாத்திரை.

கிருமியை 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் கண்டறிந்தார்கள். யாரும் எளிதில் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வந்ததைக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. நமக்கு இதில் தனி அக்கறை வேண்டும். மலேசியாவில் இந்தக் கிருமி இந்தியர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது, மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. பெரும்பாலும் சிறு வயதிலேயே குடும்பத்துக்குள் தொற்றுகிறது. வாயிலிருந்தும் மலத்திலிருந்தும் பரவும். சோற்றை மென்று குழந்தைக்கு ஊட்டுவதை நிறுத்துங்கள். கழிவறைக்குப் பிறகும் சமைப்பதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிருமி உள்ள எல்லாருக்கும் புண் வருவதில்லை. ஆனால் புண் உள்ளவருக்குக் கிருமி இருந்தால் அதை ஒழிக்காமல் புண் நிரந்தரமாக ஆறாது.

வலி மாத்திரை என்று சொல்லும்போது பொன்ஸ்டான், வோல்டாரன், புரூஃபன் வகைகளைச் சொல்கிறோம். இரைப்பைச் சுவரைக் காக்கும் வழவழப்பான படலத்தை உண்டாக்கும் சுரப்பு ஒன்று இருக்கிறது. வலியைக் குறைக்க இந்த மாத்திரைகள் தடுப்பதும் அதே சுரப்பைத்தான். "சாப்பிட்டுட்டுதானே போட்டேன்" என்பார்கள். சாப்பிட்டபின் போட்டால் எரிச்சல் குறையும், ஆபத்து முழுக்க நீங்காது. மாத்திரை இரத்தத்தில் கலந்த பிறகும் வேலை செய்வதால் ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம். இதயத்துக்காகப் போடும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரினும் இந்த வகைதான், ஆனால் அதை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பனடோல் (பாராசிட்டமால்) இந்த வகை இல்லை. 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் தலைவலிக்கு 500 மில்லிகிராம் ஒன்று, தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று, நாளுக்கு நான்குக்கு மேல் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தலைவலி என்றால் மாத்திரையை விட்டுவிட்டுத் தூக்கக் கணக்கையும் பிரஷரையும் கண்ணையும் பாருங்கள்.

மாதவிடாய் வலிக்குப் பொன்ஸ்டான் நன்றாகவே கேட்கும், அதைக் குறை சொல்லவில்லை. டாக்டரோ மருந்தாளரோ கொடுத்த அளவில், சாப்பிட்ட பிறகு, இரண்டு மூன்று நாள். அதே மாத்திரையைத் தலைவலிக்கும் பல்வலிக்கும் மாதம் முழுவதும் போடுவதுதான் பிரச்சினை. காய்ச்சலுக்கு மட்டும் இந்த வகை எதையும் தொடவே கூடாது. நம் ஊரில் எந்தக் காய்ச்சலும் டெங்கியாக இருக்கலாம், டெங்கியில் இவை இரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.

இனி, கடையில் வாங்கும் பெயரில்லாத மாத்திரைப் பாக்கெட். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை தள்ளியும் தோளும் இடுப்பும் தேய்ந்தவர்களின் வீட்டில் இது நிச்சயம் இருக்கும். சிறிய ஜிப் பாக்கெட்டில் மூன்று நாலு நிற மாத்திரைகள், மேலே பெயரும் கிடையாது அளவும் கிடையாது.

"பாட்டி, இது எங்க வாங்குனீங்க?"

"கடையிலதான்யா. மூணு வெள்ளி. போட்டா அடுத்த நாளே முட்டி வலி பறந்துரும்."

வலி அவ்வளவு சீக்கிரம் பறப்பதே சந்தேகத்துக்கு இடம். இப்படிப் பெயரில்லாமல் விற்கும் பாக்கெட்டுகளிலும், பதிவில்லாத சில மூட்டுவலி ஜாமுக்களிலும் (மலாய் நாட்டு மருந்துகளிலும்) வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் ஆபத்து பல மடங்கு. பிரஷரும் இனிப்பு நீரும் (நீரிழிவும்) ஏறும், முகம் உப்பும். மாதக்கணக்கில் போட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்துதான், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்திருக்கும். ஆகவே தூக்கி எறியச் சொல்லாமல், பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே கிளினிக்குக்குப் போகச் சொல்கிறோம். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும், சுகாதார அமைச்சின் பாதுகாப்பு ஒட்டுச்சீட்டும் இருக்கும். பெட்டியே இல்லாத மருந்தை வாங்காதீர்கள்.

புண்ணின் வலி மேல் வயிற்றின் நடுவில், எரிச்சலாகவோ கடிப்பதாகவோ இருக்கும். சிறுகுடல் புண் என்றால் வெறும் வயிற்றில் வலித்து, நடுச்சாமம் இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிவிட்டு, ஏதாவது சாப்பிட்டால் அடங்கும். இப்படி எழும் பிள்ளையின் தூக்கமும் கெடுகிறது. இரைப்பைப் புண் சாப்பிட்டபின் கூடலாம். பால் குடித்தால் சற்றுநேரம் இதமாக இருக்கும், பிறகு அமிலம் கூடுதலாகச் சுரக்கும். வயதானவர்களுக்கு, அதிலும் வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு, வலியே இல்லாமல் நேராக இரத்தப்போக்கில் வந்து நிற்பதும் உண்டு.

மலம் தார்போலக் கறுத்து, பளபளத்து, ஒட்டும் பதத்தில், வழக்கமில்லாத நாற்றத்தோடு போனால் மேல் வயிற்றில் இரத்தம் கசிகிறது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பாருங்கள், கழிவறையில் நல்ல விளக்கு போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. இரத்தமாகவோ காப்பித் தூள் நிறத்திலோ வாந்தி, எழுந்தால் மயக்கம், திடீரென்று தாங்க முடியாத வலியோடு வயிறு பலகையாக இறுகுவது — இவற்றில் எது வந்தாலும் கிளினிக்கைத் தேடாமல் 999ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். எடை குறைவது, விழுங்கச் சிரமம், இரத்தசோகை, நாற்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தொடங்கிய வயிற்றுவலி ஆகியவற்றைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நம் மக்களிடம் எத்தனை முறை சொன்னாலும் தகும் ஒன்று இருக்கிறது. 'கேஸ்ட்ரிக்' என்று வெள்ளை மருந்தைக் குடித்துவிட்டுப் படுத்தவருக்கு வந்தது மாரடைப்பாக இருந்திருக்கிறது. நெஞ்சுக்குழியில் எரிச்சலோடு வேர்த்துக் கொட்டினால், தாடைக்கோ கைக்கோ வலி பரவினால், நடந்தால் கூடி நின்றால் குறைந்தால், அது வயிறு இல்லை என்று வைத்துக்கொண்டு ஈசிஜி எடுக்கப் போங்கள். இனிப்பு நீர் உள்ளவருக்கு வலியே மங்கலாகத்தான் இருக்கும்.

மண்டபத்தில் ஒரு மணி நேரம் படம் காட்டிப் பேசினால் பெண்கள் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பார்கள், ஆண்கள் வெளியே நிற்பார்கள். அதைவிடப் பலன் தருவது, "வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்று முதல் நாளே சொல்லி அனுப்புவது. பையை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தால், ஒரே வலி மாத்திரை மூன்று வெவ்வேறு பெயரில் மூன்று கிளினிக்கிலிருந்து வந்திருப்பது அவர்கள் கண்ணுக்கே தெரியும். ஞாயிறு காலை எட்டிலிருந்து பத்து மணி வரை நல்ல நேரம். வெயில் ஏறிய பிறகு வரும் கூட்டத்துக்குப் பிரஷரும் சரியாக எடுக்க முடியாது.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். கிருமிக்கு மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கோப், அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது. ஸ்கோப்பை நினைத்துத்தான் பலர் போகாமல் இருக்கிறார்கள். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பட்டினி, தொண்டை மரத்துப்போக ஒரு மருந்து, பத்து நிமிடம் போலத்தான் குழாய் உள்ளே இருக்கும். மயக்க ஊசி போட்டால் அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும்.

கிருமி இருப்பது உறுதியானால் பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது 14 நாள் மருந்து: அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரஸோல் வகை ஒன்று, அதோடு இரண்டு ஆண்டிபயாட்டிக், காலையும் இரவும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒமெப்ரஸோலை வலிக்கும்போது போடுவதில் பயனில்லை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போட வேண்டும். வாயில் உலோகக் கசப்பு வரும், வயிறு சற்று இளகிப் போகும். ஐந்தாம் நாள் வலி நின்றதும் பலர் மீதியை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பாதியில் விட்டால் தப்பிய கிருமி அதே மருந்துக்கு அடங்காததாகிவிடும், அடுத்த முறை நான்கு மருந்து சாப்பிட வேண்டி வரும். மருந்தில் மெட்ரோனிடஸோல் இருந்தால் முடிந்து மூன்று நாள் ஆகும்வரை கள், பீர், சம்சு எதுவும் தொடக் கூடாது. முகம் சிவந்து வாந்தி வரலாம். சிகரெட் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்ப்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கடைசி ஆண்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்தும், ஒமெப்ரஸோல் நிறுத்தி இரண்டு வாரம் கழித்தும் மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்குள் செய்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். மருந்து வாங்கும் நாளிலேயே, "திரும்பச் சோதிக்க எப்போ வரணும்?" என்று கேட்டுத் தேதியை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் எரிச்சல் வந்தால் என்ன குடிக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பிரஷர் உள்ளவர் என்றால் உப்புச் சத்து குறைந்த மருந்தாகத் தருவார்கள்.